காதால் கேட்டால் வாசிப்பு வருமா?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு டிஸ்லெக்ஸியா இருக்கிறது. பாடங்களை டேப்லெட்டில் குரலாகக் கேட்கட்டும் என்கிறார்கள். அதே பழக்கமாகி, தானாக வாசிக்கவே மாட்டானோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வாசிக்கக் கற்பது வேறு, பாடத்தைப் புரிந்துகொள்வது வேறு. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைகளுக்குச் சிரமம். அறிவில் குறை ஏதுமில்லை. 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும். கடைசியில் அறிவியலும் வராது, வாசிப்பும் வராது. குரல்வழி வாசிப்பு பற்றிய ஆய்வுகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தபோது, வாசிக்கச் சிரமப்படும் மாணவர்களின் புரிதல் ஓரளவு கூடுவது தெரிந்தது. ஓரளவுதான், அதுவே பெரிய உதவி. ஆகவே அறிவியலையும் சமூக அறிவியலையும் தயங்காமல் கேட்கட்டும். ஆனால் எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைக்கும் பயிற்சியைச் சிறப்பாசிரியரிடம் தனியாகத் தொடர வேண்டும். அதற்குக் குரல் மாற்றாகாது. பயிற்சியை நிறுத்திவிட்டுக் கருவியை மட்டும் கையில் கொடுத்தால்தான் நீங்கள் பயப்படுவது நடக்கும்.

காகிதத்தில் படித்தால்தான் நன்றாகப் புரியும் என்றும் சிலர் சொல்வார்கள். 54 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றும் அதையே காட்டியது. ஆனால் அது பொதுவான வாசகர்களைப் பற்றியது. உங்கள் மகனுக்குத் திரை தரும் நன்மை, எழுத்தை அவனுக்கேற்ப மாற்ற முடிவது. இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டியதுமே வேகம் கூடியது, பிழை குறைந்தது. டிஸ்லெக்ஸியாவுக்கென்றே வரைந்த ஓப்பன்டிஸ்லெக்ஸிக் எழுத்துருவைச் சோதித்தபோது அப்படிப் பலன் தெரியவில்லை. இவை ரோமன் எழுத்தில் நடந்த சோதனைகள். தமிழில் 'கொ' என்று வாசிக்க மெய்க்கு முன்னும் பின்னும் உள்ள குறிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ண, ன வேறு குழப்பும். எந்த அளவு இடைவெளி வசதி என்பதை அவனையே மாற்றிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் கோப்பும் ஏற்றதாக இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் பாடம் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கம்தான். அதைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். பல செயலிகளால் அதை வாசிக்கவும் முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைக் குரல் உளறிக்கொட்டும். ஒரு சொல்லை அழுத்தித் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அந்தக் கோப்பு உதவும். இல்லையென்றால் யூனிகோடில் தரும்படி பள்ளியிடம் எழுத்து மூலமாகவே கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.