நருமதைக் கரையில் நெடுநடை

ஆற்றில் மூழ்கினால் பாவம் கரையுமோ என்னும் வினாவிற்குப் பகவான் புத்தர் தெளிவாகவே விடையளித்துள்ளார். மச்சிம நிகாயத்தின் ஏழாம் சூத்திரத்தில், பாகுகா ஆற்றிற்கு நீராடச் செல்வதுண்டோ எனச் சுந்தரிக பாரத்துவாசன் என்னும் அந்தணன் கேட்க, தீவினை செய்தோனை எந்த ஆறும் தூய்மை செய்யாது என்று பெருமான் மறுத்துரைக்கின்றார். அங்ஙனமாயின், நருமதையை வலம் வருதல் பற்றி ஒரு பௌத்த ஏட்டில் எழுதுவானேன் என அன்பர்கள் வினவலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வழக்கத்தின் விதிகளை ஆராய்ந்த பின்னரே நம் எண்ணம் ஒருவாறு மாறிற்று.

நருமதை அமரகண்டகத்தில் தோன்றி, 1,312 கிலோமீட்டர் மேற்கு நோக்கி ஓடி, பரூச்சுக்கு அப்பால் கடலில் கலக்கின்றது. ஜாதகக் கதைகள் கூறும் பருகச்சத் துறைமுகம் இந்தப் பரூச்சே. வலம் வருவோர் தென்கரை வழியே கடல்வரை சென்று, வடகரை வழியே மீள்வர். ஆறு எப்பொழுதும் வலப்புறமிருத்தல் வேண்டும். நடப்பது ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர்; மரபு கூறும் காலம் 3 ஆண்டு, 3 மாதம், 13 நாள். மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்குவர். கரையோர மக்கள் அளிக்கும் தானியமே உணவு. பிக்குகளின் மழைக்கால வாசமும் பிண்டபாதமும் நம் நினைவிற்கு வருகின்றன அல்லவா? எது எதனினின்று வந்தது என்று வாதிட நாம் முற்படவில்லை.

இவ்விதிகளுள் நம்மை மிகவும் கவர்ந்தது, இடையில் எங்கும் ஆற்றைக் கடத்தலாகாது என்பதேயாம். கடல்முகத்தில் மட்டுமே படகேறலாம். பேடாகாட்டில் வெண்பளிங்குப் பாறைகளிடையே ஆறு ஒடுங்கிச் செல்கின்றது. எதிர்க்கரையில் நிற்பவர் முகம்கூடத் தெரியும். ஆயினும் அக்கரையை மிதிக்க, கடல்வரை சென்று மீளவேண்டும். விரைவு என்பதற்கே அங்கு இடமில்லை. நடக்கும்போது நடக்கின்றேன் என அறிதலைச் சதிபட்டானம் கற்பிக்கின்றது. அப்பயிற்சிக்கு இத்தகைய வழி நன்கு பொருந்தும் என்பது நம் கருத்து.

ஜபல்பூர் ஓவியர் அமிர்தலால் வேகட் (1928–2018) புண்ணியத்தை நாடாது, ஆற்றின் அழகை நாடி நடந்தவர். 1977-இல் தொடங்கி, பல ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக நடந்து, கண்டவற்றை வரைந்தும் எழுதியும் வைத்தார். அவர் தொடங்கியபோது பெரிய அணைகள் எழும்பவில்லை. பின்னர் ஜபல்பூருக்கு மேலே பர்கி அணை எழுந்தது. இந்திரா சாகர் அணைக்காக 2004-இல் ஹர்சூத் என்னும் ஊரே காலிசெய்யப்பட்டது. சூல்பாணிக் காட்டின் கரைவழி சர்தார் சரோவர் நீரில் மூழ்கிற்று. ஆற்றையொட்டி நடந்த வழி இல்லாமையால், இன்று வலம் வருவோர் அவ்விடங்களில் நெடுந்தொலைவு விலகி நடக்கின்றனர். ஆறு வலப்புறந்தான் இருக்கின்றது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மோட்டாரில் சில வாரங்களில் சுற்றி முடிப்போரும் உளர். அவர்களைக் குறைகூறோம், ஆயினும் அவர்கள் ஆற்றோடு பழகினர் என்று நம்மால் ஒப்ப இயலவில்லை.

நம் அன்பர்களுள் எவரேனும் விரும்பின், வேகட் செய்தது போல் ஒரு பகுதி மட்டும் நடந்து பார்க்கலாம். மழை ஓய்ந்த பின் செல்லுதல் நன்று. மகேசுவரத்து வடகரையில் இரண்டு நாள் நடப்பது தொடக்கத்திற்குப் போதும். கோதாவரிக் கரையினின்று பாவரியின் சீடர் பதினாறுவர் பகவானைக் காண வடக்கே சென்ற வழியில், சுத்த நிபாதம் கூறும் மாகிசதி நகர் அதுவே என அறிஞர் பலர் கருதுகின்றனர்.