குளிர்ந்த காலையில் டீசல் டிராக்டரைக் கிளப்புதல்

எண்ணூர்த் தொழிற்சாலைகளைக் கடந்து வடக்கே சென்றால் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து நெல் வயல்கள் தொடங்குகின்றன. இங்கே நவரைப் பட்டத்து உழவு மார்கழி, தை மாதங்களில் நடைபெறுவது. அந்நாட்களில் விடியற்காலையில் சிறிய டிராக்டர் கிளம்ப மறுப்பதும், ஆட்கள் வரப்பில் காத்து நிற்பதும் உண்டு. எஞ்சினைக் குளிர் பிடித்துக்கொண்டது என்று ஓட்டுநர் சொல்லுவார். இது பாதி உண்மையே.

உதகமண்டலத்தில் உறைபனி பெய்யும் காலையில் அப்படிச் சொன்னால் பொருந்தும். கடலோரமான இப்பகுதியிலோ மார்கழி விடியலின் உஷ்ணம் சாதாரணமாக 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும். இவ்வளவு குளிருக்குப் பழுதற்ற எஞ்சின் அஞ்சுவதில்லை. ஆகவே தினமும் காலையில் தகராறு செய்யும் எஞ்சினில் வேறொரு குறை மறைந்திருக்கிறதென்றும், குளிர் அதை வெளிப்படுத்துகிறதென்றும் கொள்ளவேண்டும்.

பெட்ரோல் எஞ்சினுக்குள்ள தீப்பொறி டீசல் எஞ்சினுக்கு இல்லை. 1897-ஆம் வருஷத்தில் ரூடால்ப் டீசல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய எஞ்சின் முதல், செம்பியத்தில் செய்யப்படும் டிராக்டர் எஞ்சின் வரை தத்துவம் ஒன்றே. சிலிண்டரிலுள்ள காற்றைப் பதினைந்து, இருபது பங்கில் ஒரு பங்காக நெருக்கினால் அது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். சுழற்சி மெதுவானால் காற்று பிஸ்டன் வளையங்களின் வழியே கசியும், சூடும் சிலிண்டரின் சுவரில் இறங்கிவிடும். வேகமாகச் சுழற்றுவதே பாதி வைத்தியம்.

குறை எங்கேயென்று புகைக்குழாய் சொல்லும். சுழற்றும்போது வெண்புகை வந்தால் எண்ணெய் சிலிண்டருக்குப் போகிறது, சூடு போதவில்லை. பேட்டரி, ஹீட்டர், வளையத் தேய்வு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். புகையே வராவிடில் எண்ணெய் போகவில்லை. இரவில் தளர்ந்த இணைப்பொன்றின் வழியே காற்றுப் புகுந்து, குழாயிலுள்ள டீசல் தொட்டிக்குத் திரும்பிவிடுவதுண்டு. இத்தகைய எஞ்சின் காலையில் மட்டும் முரண்டு பிடித்து, ஒரு தடவை ஓடியபின் நாள் முழுவதும் ஒழுங்காகக் கிளம்பும். குளிரென்று தவறாக எண்ணப்படுவது பெரும்பாலும் இதுதான். இணைப்புகளை முடுக்கிக் காற்றை வெளியேற்றினால் குணமாகும். மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைத்தால் இரவில் அதனுள் ஈரம் படிந்து நீராவதும் குறையும்.

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலும், அதற்கு வடக்கேயும், உப்புக்காற்று உலோகத்தை விடுவதில்லை. பேட்டரி முனைகள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, மின்சாரம் செல்லும் வழியை அடைக்கின்றன. புதுப் பேட்டரி வாங்கச் செலவழிக்குமுன், ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரால் முனைகளைக் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, வாசலின் தடவிப் பார்ப்பது நலம். சோடா நீர் பேட்டரியின் உள்ளே விழலாகாது. டிராக்டரின் உடலோடு சேரும் எர்த் கம்பியின் மறுமுனையைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதையும் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும்.

கிளப்பும் முறையாவது: கியரை நியூட்ரலில் வைத்துக் கிளச்சை மிதித்தால், கியர்ப்பெட்டியின் கனத்த எண்ணெயைச் சுழற்றும் சுமை ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இல்லை. ஹீட்டருள்ள வண்டியில் சாவியை அந்த நிலையில் பதினைந்து விநாடி நிறுத்திப் பிறகு சுழற்றலாம். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், அரை நிமிஷமாவது ஓய்வு கொடுக்கவேண்டும். மோட்டார் எரிவது அவசரத்தினாலேயே. கையால் சுழற்றும் பவர் டில்லரில் அழுத்தம் விடும் நெம்பைத் தூக்கி, வேகம் வந்தபின் அதை விடுவது முறை. கிளம்பியவுடன் எஞ்சினை உறுமவிடுதல் கூடாது; எண்ணெய் மேலேறச் சற்று நேரம் வேண்டும்.

ஈதர் தெளிப்பதும், பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுவாயில் பிடிப்பதும் சிலரிடம் பழக்கமாகிவிட்டன. ஹீட்டர் சூடாயிருந்தால் அது காற்றுக்குழாயிலேயே வெடிக்கும். இல்லாவிடினும் வளையங்கள் முறியும். இன்னும் கொடியது, தரையில் நின்றுகொண்டு ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளைச் சேர்ப்பது. கியரில் நிற்கும் வண்டி அக்கணமே நகர்ந்து பின்சக்கரத்தில் ஆளை அரைத்துவிடும். நியூட்ரல் ஸ்விட்ச் காக்கும் என்று நம்ப வேண்டாம். இப்படிச் சேர்க்கும்போது அந்த ஸ்விட்சின் வழியே மின்சாரம் செல்வதேயில்லை.

கூட்டுறவுச் சங்கத்தின் வாடகை டிராக்டரைப் பலர் மாறிமாறி ஓட்டுவதால், யாரும் பேட்டரி நீரைப் பார்ப்பதில்லை. அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, நீர் ஊற்றிய தேதியையும், பில்டரின் நீரை வடித்த தேதியையும் வண்டியின் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்வது கிராம அலுவலர்களால் ஆகக்கூடியதே. மார்கழிக்கு முன்னரே, ஐப்பசி மழையில் வண்டி சும்மா நிற்கும் நாட்களில், இதைத் தொடங்கலாம்.