வெட்டுக் காயம் தாங்கும் பலகை

தச்சர் பலகையில் துளையிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் அதன் அடியில் வேண்டாத கட்டை ஒன்றை வைப்பார். துளைக்கும் முனை பலகையைக் கடந்து அக்கட்டையில் இறங்கும். மேசை தப்பும், துளையின் அடிவிளிம்பும் பிய்யாது.

கணினியின் கட்டளைப்படி வெட்டும் சி.என்.சி. எந்திரத்திற்கும் இத்தகைய அடிப்பலகை தேவை. எண்களால் இயங்கும் வெட்டு எந்திரம் 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. இன்று கல்லூரி மாணவர்களே இவ்வெந்திரங்களைக் கையாளுகின்றனர். கோட்டூர்புரத்தை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யில், மாணவர்கள் தம் எண்ணங்களைச் செய்து பார்ப்பதற்கென்றே 2008-இல் புத்தாக்க மையம் தொடங்கப்பட்டது. நாளை நீங்களும் இத்தகைய பட்டறைக்குள் நுழையலாம். அப்போது எந்த அடிப்பலகையைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

உறுதியான இரும்புத் தகடு நல்லது என்று தோன்றும். அது தவறு. வெட்டுமுனை கார்பைடால் ஆனது; மிகக் கடினமானது, ஆனால் எளிதில் நொறுங்கக் கூடியது. இரும்பில் மோதினால் முறிந்து தெறிக்கும். எனவே அடிப்பலகை வெட்டுமுனையைவிட மென்மையாக இருக்க வேண்டும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை இதற்கு ஏற்றது. விலையும் குறைவு.

அடுத்தது சமதளம். 6 மி.மீ. பிளைவுட்டை வெட்ட, ஆழத்தை 6.2 மி.மீ. என்று வைக்கிறோம். அடிப்பலகை ஓரிடத்தில் 0.5 மி.மீ. தாழ்ந்திருந்தால், அங்கே 0.3 மி.மீ. வெட்டுப்படாமல் நின்றுவிடும். இதற்கு ரசமட்டம் உதவாது. பலகை பூமிக்கு மட்டமாக இருக்க வேண்டியதில்லை. வெட்டுமுனை நகரும் தளத்திற்கு இணையாக இருந்தால் போதும். ஆகவே, அகன்ற வெட்டுமுனையைப் பொருத்தி, எந்திரத்தைக் கொண்டே பலகையின் மேற்பரப்பு முழுவதையும் மெல்லியதாகச் சீவிவிடுகிறார்கள். இப்போது இரண்டும் தாமாகவே இணையாகிவிடும்! சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழையில் எம்.டி.எஃப். ஈரம் உறிஞ்சி உப்பும். அப்போது மீண்டும் சீவ வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது, முகமூடி அவசியம்.

வெட்டும்போது பொருள் நகராமல் இருப்பது எப்படி? அடியிலுள்ள காற்றைப் பம்பினால் உறிஞ்சுவது ஒரு வழி. எம்.டி.எஃப். பலகையின் இருபுறமும் இறுகிய மேற்தோலைச் சீவிவிட்டால் காற்று அதனூடே செல்லும். வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. காற்றில் பாதியை நீக்கினாலும், 30 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை 450 கிலோகிராம் எடை அழுத்திப் பிடிக்கும். ஆனால் 2 செ.மீ. சதுரத் துண்டுக்குக் கிடைப்பது 2 கிலோகிராம் மட்டுமே. அது பறந்து கண்ணைத் தாக்கலாம். ஆதலால் சிறு துண்டுகளை முழுதும் வெட்டாமல், சுற்றியுள்ள பலகையோடு சிறு இணைப்புகளை விட்டுவைத்துப் பிறகு கையால் பிரிப்பார்கள்.

லேசர் வெட்டுக்கு எம்.டி.எஃப். பலகை ஆகாது; கருகித் தீப்பற்றும். அங்கே தேன்கூடு போன்ற அலுமினியத் தட்டு பயன்படுகிறது. அதன் இடைவெளிகள் வழியே புகை வெளியேறும். பி.வி.சி.யை மட்டும் லேசரில் வெட்டவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயு எழும்.

நீங்களே கணக்கிடுங்கள்: பாதிக் காற்று நீக்கிய மேசையில் 20 செ.மீ. பக்கமுள்ள சதுரப் பலகையை எவ்வளவு எடை அழுத்தும்?

(விடை: ஏறத்தாழ 200 கிலோகிராம்)