மூன்றாம் தரப்பு மென்பொருளின் பாதுகாப்புக் குறைபாடு: பொறுப்பு யாருடையது?

ஒரு நிறுவனம் தானே உருவாக்காது, பிறர் உருவாக்கியதைப் பெற்றுத் தனது முறைமையில் இணைத்துப் பயன்படுத்தும் மென்பொருள் மூன்றாம் தரப்பு மென்பொருள் எனப்படும். இதனால் செலவும் காலமும் மீதமாகும். எனினும் அதிலுள்ள வழுக்களும் முறைமையினுள் வந்து சேரும்.

மாதிரி வினா

“குறைபாடு மென்பொருளிலேயே இருந்தமையால், அதைப் பயன்படுத்திய நிறுவனம் பொறுப்பாகாது.” இக்கூற்றை இரு உதாரணங்கள் மூலம் ஆராய்க.

மாதிரி விடை

(அ) ஈக்குவிபக்ஸ், 2017

ஈக்குவிபக்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவில் மக்களின் கடன் விபரங்களைத் திரட்டும் நிறுவனமாகும். அதன் இணையத்தளமொன்றில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் எனும் திறந்த மூல மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. அம்மென்பொருளின் பாரிய குறைபாடொன்றும் அதற்கான திருத்தமும் 2017 மார்ச் 7 இல் வெளியிடப்பட்டன. 48 மணித்தியாலங்களுக்குள் திருத்தத்தை நிறுவுமாறு நிறுவனத்தினுள் அறிவிக்கப்பட்டபோதும், குறித்த தளத்தில் அது நிறுவப்படவில்லை. மே மாதத்தில் ஊடுருவியோர் யூலை இறுதிவரை கண்டறியப்படவில்லை. ஏறத்தாழ 147 மில்லியன் மக்களின் பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் முதலியன களவாடப்பட்டன.

வழுவை உண்டாக்கியோர் மென்பொருளை ஆக்கியோரே. ஆயினும் அவர்கள் திருத்தத்தை வழங்கிவிட்டனர். அதன் பின்னர் ஆபத்தைத் தடுக்கும் வாய்ப்பு ஈக்குவிபக்ஸிடமே இருந்தது. 2019 இல் குறைந்தது 575 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியதும் அந்நிறுவனமே.

(ஆ) சோலர்விண்ட்ஸ், 2020

சோலர்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் எனும் வலையமைப்பு முகாமைத்துவ மென்பொருளின் இற்றைப்படுத்தலினுள்ளேயே ஊடுருவியோர் தீய நிரலைப் புகுத்தினர். இது 2020 டிசெம்பரில் வெளியாயிற்று. இங்கு ஒழுங்காக இற்றைப்படுத்திய வாடிக்கையாளரே ஆபத்துக்கு உள்ளாகினர். அவர்களால் இதை முற்கூட்டியே அறிவது கடினம். எனவே தயாரிப்பாளரின் பொறுப்பே இங்கு முதன்மையானது.

முடிவு

பொறுப்பு எப்போதும் ஒரே தரப்பைச் சாராது. குறைபாட்டை அறிந்தவர் யார், அதை நீக்கும் வாய்ப்பு அவ்வேளையில் யாரிடம் இருந்தது என்பவற்றைக் கொண்டே அது தீர்மானிக்கப்படல் வேண்டும். ஆகவே மேற்படி கூற்றை முழுமையாக ஏற்கவியலாது. மேலும், தரவுக்குரிய மக்கள் அம்மென்பொருளைத் தெரிவுசெய்தவர்கள் அல்லர். ஈக்குவிபக்ஸிடம் தமது விபரம் இருப்பதையே பலர் அறிந்திருக்கவில்லை. அவர்களது தரவைப் பாதுகாக்கும் கடமையை, தரவைத் திரட்டிய நிறுவனம் மென்பொருள் தயாரிப்பாளரிடம் கைமாற்றிவிட முடியாது.

மாணவர் கவனத்திற்கு

1. “இருவரும் பொறுப்பு” என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். எத்தரப்பு, எக்கட்டத்தில், எதற்குப் பொறுப்பு எனப் பிரித்துக் காட்டுங்கள்.
2. திருத்தம் வெளியான திகதியையும் ஊடுருவல் நிகழ்ந்த காலத்தையும் ஒப்பிடுங்கள். விடையின் திறவுகோல் அதுவே.
3. பயன்படுத்தும் மென்பொருட்களின் பட்டியலைப் பேணுதல், திருத்தங்களை உடன் நிறுவுதல், நிறுவப்பட்டதை உறுதிசெய்தல் ஆகிய மூன்றையும் நிறுவனத்தின் கடமைகளாகக் குறிப்பிடுங்கள்.