கண்ணுக்குத் துணை எண்

பச்சை வண்ணம் தீட்ட வேண்டிய விமான உருமாதிரிக்குப் பழுப்பு வண்ணம் தீட்டிவிட்ட சிறுவனைக் கடிந்துகொள்ளும் முன், அவனுடைய நிறப்பார்வையைப் பரிசோதிப்பது நன்று.

விழித்திரையில் மூவகைக் கூம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகை இல்லாதபோதோ மாறுபட்டு இயங்கும்போதோ சில நிறங்கள் ஒன்றுபோல் தோன்றும். சிவப்பு-பச்சைக் குறைபாடே மிகுதி. அது எக்ஸ் நிறப்புரி வழி வருவதால் ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பிறவியிலேயே அமைந்த இக்குறைபாடு நாளடைவில் வளர்வதில்லை. கண்ணாடிகள் சில நிறங்களின் வேறுபாட்டைக் கூட்டினாலும் இயல்பான நிறப்பார்வையைத் தருவதில்லை.

எனினும் உருமாதிரிக் கலையைக் கைவிட வேண்டியதில்லை. அக்கலையில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஓர் எண் உண்டு. தமியா நிறுவனத்தின் எக்ஸ்.எஃப்-5 மங்கல் பச்சை, எக்ஸ்.எஃப்-10 மங்கல் பழுப்பு. கண் குழம்பினாலும் எண் குழம்பாது.

1. புட்டியின் மூடியில் வண்ணத்தின் பெயரையும் எண்ணையும் பெரிதாக எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு புட்டியை மட்டும் திறந்து, பணி முடிந்ததும் உடனே மூடுங்கள்.

2. வண்ணங்களைக் கண்ணளவில் கலக்காதீர்கள். எந்த எண்ணில் எத்தனை துளி என்பதைக் குறித்துவைத்தால், அதே வண்ணத்தை மீண்டும் பெறலாம்.

3. வெள்ளை அட்டைத் துண்டில் தீட்டி உலரவிட்டு, எண்ணை எழுதிச் சேமியுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். வெளிர்மை, கருமை வேறுபாட்டைக் கைபேசியின் கறுப்பு-வெள்ளைப் படம் காட்டும்.

4. ஐயம் எழுந்தால், தீட்டும் முன்பே குடும்பத்தார் ஒருவரிடம் காட்டுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: "இது என்ன நிறம்?" என்று விளையாட்டாகச் சோதித்து நகைக்காதீர்கள். கேட்கும்போது நிறத்தின் பெயரைச் சொல்லுங்கள். தூரிகை அவர் கையிலேயே இருக்கட்டும்.

இதே பழக்கம் மருந்துக்கும் வேண்டும். மாத்திரையை நிறத்தால் அன்றி, உறையிலுள்ள பெயராலும் அளவாலும் அறியுங்கள். காசநோய்க்குரிய எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதித்து, நிற உணர்வைக் குறைக்கக்கூடும். ஆதலால் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அம்மருந்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். முன்பு தெளிவாகத் தெரிந்த நிறம், ஒரு கண்ணில் மட்டுமாயினும், மங்கினால் அன்றே மருத்துவரை அணுகுங்கள். பிறவிக் குறைபாட்டுடன் பழகி வாழலாம். புதிதாக வந்த மாற்றத்தைப் பொறுத்திருந்து பார்த்தல் ஆகாது.