வைத்தியர் முகம் சுளித்தால்

பதினாறு வயது நிரம்பாத பெண்பிள்ளை ஒருத்தி கருத்தடை ஆலோசனை கேட்டு வைத்தியரிடம் வருகிறாள். வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் மன்றாடுகிறாள். வைத்தியர் ஏசி அனுப்புவதா? கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதா? இக்கேள்வி இங்கிலாந்தில் பெரும் வழக்காயிற்று.

விசேட சந்தர்ப்பங்களில் பெற்றோருக்கு அறிவியாமலும் வைத்தியர் இவ்வாறு உதவலாம் என, அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் 1980இல் சுற்றறிக்கை விடுத்தது. பத்துப் பிள்ளைகளின் தாயும் கத்தோலிக்கருமான விக்ரோரியா கில்லிக் இதனை எதிர்த்து வழக்காடினார். பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதே அவரது வாதம். 1984இல் மேன்முறையீட்டில் வென்றார். 1985 ஒக்டோபரில் பிரபுக்கள் சபையில் தோற்றார். அங்கும் நீதிபதிகள் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம்.

வைத்தியர் கவனிக்க வேண்டியவை என பிரேசர் பிரபு ஐந்தைக் கூறினார்:

1. பிள்ளை ஆலோசனையை விளங்கிக்கொள்கிறாளா?
2. பெற்றோருக்குச் சொல்லும்படி எடுத்துரைத்தும் இணங்க மறுக்கிறாளா?
3. கருத்தடை கிடைக்காவிட்டாலும் உறவில் ஈடுபடக்கூடியவளா?
4. உதவி இல்லாவிடில் அவளது உடல்நலமோ மனநலமோ கெடுமா?
5. பெற்றோரின் சம்மதமின்றி உதவுவது அவளது நன்மைக்கு அவசியமா?

இரண்டாவதைக் கவனியுங்கள். பெற்றோரை ஒதுக்கும்படி தீர்ப்புச் சொல்லவில்லை; முதலில் பிள்ளையை அவர்களிடம் திருப்பவே முயலச் சொல்கிறது. இந்த ஐந்தையும் அறிய வைத்தியர் அவளோடு இருந்து பேச வேண்டும். முகம் சுளித்தால் அவள் எழுந்து போய்விடுவாள், மீண்டும் வரமாட்டாள். எவராவது அவளைப் பலவந்தப்படுத்தியிருந்தால் அதுவும் வெளிவராது. அப்படியான ஆபத்து தெரியவந்தால், இரகசியத்தைவிட அவளது பாதுகாப்பே வைத்தியருக்கு முதற் கடமை. மனச்சாட்சி இடங்கொடாத வைத்தியர்கூட, வேறொரு வைத்தியரை நாடலாம் என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்நாட்டு வைத்திய ஒழுக்கவிதி.

1999இல் அந்நாட்டு அரசு பாடசாலைக் கல்வியையும் இளையோர் தயங்காது வரக்கூடிய வைத்திய சேவையையும் இணைத்துத் திட்டமொன்றைத் தொடங்கியது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரில் கருவுற்றவர்கள் 1998இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 47 பேர். 2014இல் ஏறக்குறைய 23 பேர். காரணங்கள் பல, இதுவும் ஒன்று.

செயற்கைக் கருத்தடை பற்றிய திருச்சபையின் போதனையை நாம் அறிவோம். கில்லிக் அம்மையாரின் கவலையும் நமது கவலையே. ஆயினும் அப்பிள்ளை “வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்” என்றது ஏன்? வைத்தியரின் சுளித்த முகத்துக்கு முன்னரே, வீட்டில் ஒரு சுளித்த முகத்தை அவள் கண்டிருக்கலாம்.

குழுவாகச் சிந்திக்க:

• நம் பிள்ளை பயமின்றி நம்மிடம் எதைச் சொல்வாள்? எதை மறைப்பாள்?
• பலர் நெருங்கி வாழும் முகாமில், ஒரு பிள்ளை இரகசியமாகப் பேச இடம் உண்டா?