நீரிழிவுள்ள பூனை: வீட்டுச் சோதனை ஏன்?

கிளினிக்கில் எடுத்த ரத்தச் சர்க்கரை அளவு பூனை விஷயத்தில் நம்மை ஏமாற்றலாம். பயந்த பூனையின் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. கல்லீரல் தான் சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. நீரிழிவே இல்லாத பூனைக்கும் அளவு லிட்டருக்கு 15 மில்லிமோலைத் தாண்டலாம். அதை மட்டும் நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து.

வீட்டில், காது மடலை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, அதன் ஓரத்தில் லேசாகக் குத்தினால் வரும் ஒரு துளி ரத்தம் போதும். பல பூனைகள் இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை; நமக்குத்தான் கை நடுங்கும். மனிதருக்கான கருவி பெரும்பாலும் குறைத்துக் காட்டும் என்பதால் விலங்குகளுக்கான கருவியே நல்லது.

எவ்வளவு உண்டது, எவ்வளவு நீர் குடித்தது, மணல் தட்டில் எத்தனை சிறுநீர்க் கட்டிகள் என்பதைத் தினமும் குறித்து வையுங்கள். எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் சில பூனைகளின் கணையம் மீண்டும் இன்சுலின் சுரக்கத் தொடங்கும். நல்ல செய்திதான், ஆனால் நேற்றுவரை சரியாக இருந்த ஊசி அளவு இன்று அதிகமாகிவிடும். தள்ளாட்டம், திடீர்ச் சோர்வு, வலிப்பு ஆகியவை சர்க்கரை மிகவும் இறங்கியதைக் காட்டலாம். விரலைப் பற்களுக்கிடையே விடாமல் ஈறில் தேனைத் தடவி, உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பூனை உணவைத் தொடாத வேளையில், மருத்துவரைக் கேட்காமல் ஊசி போட வேண்டாம்.